ஆய்வுத் தலைப்பு என்னும் கட்டம்

ஆய்வு உதவித்தொகை விண்ணப்பப் படிவங்களை ஆண்டுதோறும் மாணவர்களோடு சேர்ந்து படிக்க நேர்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று மற்றக் கட்டங்களையெல்லாம் மளமளவென்று நிரப்பிவிடுபவர், 'ஆய்வுத் தலைப்பு' என்ற கட்டத்தை எட்டியதும் பேனாவை மூடி வைத்துவிடுவார். தமிழ் படித்தவருக்கு அந்தக் கட்டம் என்றுமே இடர்தான். அரசுப் பணத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவரின் வரலாற்றை நான் மறுபடியும் எடுத்துப் படித்தது அந்தக் கட்டத்தை முன்னிட்டே.

1913 ஜனவரியில், பி.ஏ. தேறிய கையோடு பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார் அம்பேத்கர். கல்லூரியில் படிக்க அவருக்கு மாதம் 25 ரூபாய் அளித்து வந்தவர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட். பணியில் சேர்ந்த சில நாட்களில் தந்தையின் உடல்நிலை குறித்துத் தந்தி வந்தது. பம்பாய் திரும்பினார். பிப்ரவரி 2ஆம் நாள் தந்தை மறைந்தார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சில மாணவர்களை அனுப்பப் பரோடா அரசு எண்ணியிருந்த சமயம் அது. மன்னரைப் பம்பாயில் நேரில் கண்ட பின் அம்பேத்கர் விண்ணப்பித்தார், தேர்வு பெற்றார். மெட்ரிகுலேஷனில் அவர் பெற்ற மதிப்பெண் 750க்கு 282. இன்றைய படிவங்களின் மதிப்பெண் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் இந்த எண் என் நினைவுக்கு வரும்.

1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன், காலம் மூன்றாண்டு. குறித்த பாடங்களையே படிக்க வேண்டும்; படித்து முடித்துத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணிபுரிய வேண்டும். கறாரான ஒப்பந்தம்தான். ஆனால் அந்தப் பாடங்களுக்குள் எதைப் பற்றி ஆராயலாகாது என்று அதில் ஒரு சொல்லும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூலையில் நியூயார்க் சேர்ந்தவர் அந்த மூன்றாண்டுகளில் எழுதியவற்றின் தலைப்புகளைப் பாருங்கள். 1915இல் எம்.ஏ. பட்டத்திற்குப் பண்டைய இந்திய வணிகம். முனைவர் பட்டத்திற்கு இந்தியாவின் தேசிய வருவாய்ப் பங்கீடு. இடையே 1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் என்ற மானிடவியலாளரின் ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றி ஒரு கட்டுரை. பின்னர் லண்டனில் எழுதியவையும் மாகாண நிதியையும் ரூபாயையும் பற்றியவை. ஆக, கடல் கடந்து சென்று அவர் படித்தது முழுவதும் இந்தியாவைத்தான்.

சாதி பற்றிய அந்தக் கட்டுரையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்று 25 வயது இளைஞர் அதில் நிறுவ முயல்கிறார். ஒரே இனக்குழுவுக்குள் மணவுறவு அடைபடும்போது கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் 'மிகுதி' ஆகிவிடுகிறார்கள். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அந்த மிகுதியைச் சமாளிக்க எழுந்த வழிகள் என்கிறார். தன் உடலில் பட்ட ஒன்றை இவ்வளவு குளிர்ந்த மொழியில் எழுத ஒருவருக்கு எங்கோ ஓரிடம் தேவைப்படுகிறது. அவர் யார் பிள்ளை என்று எவரும் கேட்காத ஒரு மேசை. பரோடாவின் பணம் வாங்கித் தந்தது அந்த மேசையை என்றே நான் கருதுகிறேன்.

அக்கட்டுரை 1917 மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், லண்டன் படிப்பு முடியுமுன்பே உதவித்தொகைக் காலம் தீர்ந்து, அவர் நாடு திரும்பினார். தனியே அனுப்பிய சாமான்கள் கப்பலோடு மூழ்கிவிட்டன, போர்க்காலம். அதற்குத் தாமஸ் குக் நிறுவனம் தந்த 600 ரூபாய் ஈட்டுத்தொகையே பரோடா செல்லும் செலவுக்கு உதவியது. செப்டம்பரில் சென்றார். ஒப்பந்தப்படி பத்தாண்டு உழைக்கச் சென்றவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளை அவர் மேசைமீது தூர நின்று எறிந்தார்கள். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் விடுதிக்கு வந்தது. அன்று மாலை காமாட்டி பாக் என்னும் பூங்காவில் இருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பூங்காவை அமைத்தவரும் சாயாஜிராவ்தான்.

பட்டத்தின் கதை இன்னும் நீள்கிறது. ஆய்வேடு அச்சான பிறகே பட்டம் என்பது கொலம்பியாவின் விதி. அச்சிடக் கையில் காசில்லை. 1925இல்தான் அது விரிந்த வடிவில், பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி பற்றிய நூலாக வெளிவந்தது. பட்டம் 1927இல் கிடைத்தது. நூலைச் சாயாஜிராவுக்கே காணிக்கையாக்கினார். நாம் என்றால் பரோடா என்ற பெயரையே உச்சரித்திருக்க மாட்டோம்.

1942இல் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராக இருந்தபோது, அக்டோபர் 29ஆம் நாள் லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. கலைப் படிப்பையும் சட்டப் படிப்பையும்விட அறிவியலும் தொழில்நுட்பமுமே அம்மக்களுக்கு மிகுதியும் பயன்படும் என்று அதில் வாதிட்டிருக்கிறார். அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் அவர் கேட்டது அடைத்திருந்த கதவைத் திறக்கும்படி. வேறொரு கதவைச் சாத்தும்படி அன்று.

விடுதலைக்குப் பின், 1954-55இல், மத்திய அரசு தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. முதுகலை, முனைவர் படிப்புகளுக்கு வெளிநாடு செல்லும் பட்டியல் சாதி, சீர்மரபினர், நிலமற்ற தொழிலாளர் குடும்பத்து மாணவர்களுக்கான திட்டம் அது. 2022இல் அதன் இடங்கள் 125. அவ்வாண்டு பிப்ரவரியில் அதன் நெறிமுறைகளில் புதிய விதி ஒன்று சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை. இவற்றைப் படிக்க உள்நாட்டிலேயே வளம் இருக்கிறது என்பது அதிகாரத் தரப்பின் விளக்கம்.

விளக்கத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. கல்வெட்டும் சுவடியும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றை வாசிக்கக் கற்றுத்தருவோரும் இங்கு உண்டு. ஆனால் வளம் என்பது நூலகம் மட்டுமா? 1917 மே மாதத்து இந்தியாவில் அந்தக் கட்டுரை அச்சில் கிடைத்தது. செப்டம்பரில் அதை எழுதியவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பண்டைய இந்திய வணிகம், தேசிய வருவாய்ப் பங்கீடு, சாதிகளின் தோற்றம் என்ற மூன்று தலைப்புகளில் எதை எழுதியிருந்தாலும் 2022ஆம் ஆண்டுப் படிவத்தின் அந்தக் கட்டத்திலேயே அவருடைய விண்ணப்பம் நின்றுபோயிருக்கும்.