அலெக்சாண்டர் லோவென்

அலெக்சாண்டர் லோவென் (டிசம்பர் 23, 1910 – அக்டோபர் 28, 2008) அமெரிக்க மருத்துவர், உளசிகிச்சையாளர், நூலாசிரியர். ‘பயோஎனர்ஜெடிக் அனாலிசிஸ்’ எனப்படும் உயிராற்றல் பகுப்பாய்வு முறையை ஜான் பியராக்கோசுடன் சேர்ந்து உருவாக்கியவர். மனத்தின் முரண்பாடுகள் மூச்சிலும் தசை இறுக்கத்திலும் நிற்கும் விதத்திலும் பதிந்திருக்கின்றன, ஆகவே பேச்சோடு உடலையும் சிகிச்சைக்கு உட்படுத்த வேண்டும் என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து.

வாழ்க்கை

நியூயார்க் நகரில் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க் சிட்டி கல்லூரியில் அறிவியலும் வணிகமும் பயின்றபின் புரூக்ளின் சட்டப் பள்ளியில் பட்டங்கள் பெற்றார். உடற்பயிற்சியால் மனநிலையில் ஏற்படும் மாற்றம் இளமையிலேயே அவருடைய கவனத்தை ஈர்த்திருந்தது. 1940இல் நியூயார்க்கின் ‘நியூ ஸ்கூல்’ நிறுவனத்தில் வில்ஹெல்ம் ரைஷ் நடத்திய குணவியல் வகுப்பில் சேர்ந்தது அவரது வாழ்க்கைப் பாதையை மாற்றியது.

சிக்மண்ட் பிராய்டின் வட்டத்திலிருந்து வந்த ரைஷ், அடக்கப்பட்ட உணர்ச்சி தசைகளில் கவசம்போல் இறுகிவிடுகிறது என்று கூறியவர். 1942 முதல் 1945 வரை லோவென் அவரிடம் சிகிச்சை பெற்றார். முதல் அமர்வில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்களை அகலத் திறக்கச் சொன்னபோது தம்மிடமிருந்து பெரும் அலறல் வெளிப்பட்டதையும், அது ஏன் என்று தமக்கே விளங்காததையும் லோவென் பின்னாளில் பதிவுசெய்தார். கைக்குழந்தையாகத் தாம் அழுதபோது சினத்துடன் நோக்கிய தாயின் முகம் பிற்பட்ட அமர்வொன்றில் நினைவில் எழுந்தது. அந்த அலறலுக்கு அதையே காரணமாகக் கொண்டார்.

1945இல் சிகிச்சையளிக்கத் தொடங்கிய அவர், முறையான மருத்துவத் தகுதி வேண்டி சுவிட்சர்லாந்து சென்று ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1951இல் மருத்துவரானார்.

ரைஷிடமிருந்து விலகல்

பிற்காலத்தில் ரைஷ் ‘ஆர்கோன்’ என்ற பிரபஞ்ச ஆற்றலைக் கண்டறிந்ததாகக் கூறி, அதைச் சேகரிக்கும் பெட்டிகளைச் செய்தார். அவற்றுக்கு எதிரான நீதிமன்றத் தடையை மீறிய வழக்கில் தண்டிக்கப்பட்டு 1957இல் சிறையிலேயே இறந்தார். லோவென் தசைக் கவசம் என்ற கருத்தை வைத்துக்கொண்டு தனி வழியில் சென்றார். 1956இல் நியூயார்க்கில் உயிராற்றல் பகுப்பாய்வுக்கான நிறுவனம் தொடங்கப்பட்டது. பியராக்கோஸ் 1970களில் பிரிந்து ‘கோர் எனர்ஜெடிக்ஸ்’ என்ற முறையை வகுத்தார்.

சிகிச்சை முறை

ரைஷின் நோயாளிகள் படுத்த நிலையிலேயே சிகிச்சை பெற்றனர். லோவென் அவர்களை எழுந்து நிற்க வைத்தார். பாதங்களைச் சற்று அகற்றி, முழங்கால்களை லேசாக மடக்கி, தன் எடை தரையில் இறங்குவதை உணரச் செய்யும் இப்பயிற்சி ‘தரையூன்றல்’ எனப்படுகிறது. நெடுநேரம் இப்படி நிற்கும்போது கால்களில் தோன்றும் நடுக்கத்தை, இறுக்கம் தளர்வதன் அடையாளமாக அவர் கருதினார்.

சுமார் 2 அடி உயரமுள்ள சமையலறை முக்காலி ஒன்றில் சுருட்டிய கம்பளியைக் கட்டி, அதன்மேல் முதுகை வளைத்துச் சாயச் சொல்வது இன்னொரு முறை; இதனால் மார்பு விரிந்து மூச்சு ஆழமாகும். படுக்கையில் கால்களை உதைத்தல், மெத்தையைக் கையாலோ டென்னிஸ் மட்டையாலோ அடித்தல், குரலெடுத்துக் கத்துதல் ஆகியவை அடக்கிய கோபத்தை வெளிக்கொணர உதவும் என்றார். இப்பயிற்சிகளில் எழும் நினைவுகளும் உணர்ச்சிகளும் பின்னர் உரையாடலில் அலசப்படும். உடல் அமைப்பையும் குழந்தைப் பருவ அனுபவத்தையும் இணைத்து ஐந்து குணவகைகளையும் அவர் வரையறுத்தார்.

நூல்கள்

குணவமைப்பின் உடலியக்கம் பற்றிய முதல் நூல் 1958இல் வெளிவந்தது. அது பின்னர் ‘உடலின் மொழி’ என்ற பொருள்படும் தலைப்பில் மறுபதிப்பானது. ‘உடலுக்கு இழைத்த துரோகம்’ (1967), ‘மனச்சோர்வும் உடலும்’ (1972), ‘பயோஎனர்ஜெடிக்ஸ்’ (1975), ‘நார்சிசிசம்’ (1983) ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. தன்வரலாறு 2004இல் வெளியானது.

மதிப்பீடு

லோவென் குறிப்பிடும் ‘உயிராற்றல்’ இயற்பியல் முறையில் அளக்கப்பட்டதன்று. குணவகைகளை உடல் தோற்றத்திலிருந்து அறியலாம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. கோபத்தைக் கத்தியும் அடித்தும் வெளிப்படுத்தினால் அது தணியும் என்ற கருத்தை உளவியல் ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. தன்பாலீர்ப்பை உளக்கோளாறாக அவர் எழுதியதும் இன்று ஏற்கப்படுவதில்லை.

ஆயினும் மூச்சு, நிற்கும் நிலை, தசை இறுக்கம் ஆகியவற்றைச் சிகிச்சை அறைக்குள் கவனத்துக்குரியவையாக்கியதில் அவருடைய பங்கு பெரிது. பின்வந்த உடல்சார் உளசிகிச்சை முறைகள் பலவற்றில் தரையூன்றல் பயிற்சி ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெறுகிறது. லோவென் தம் 97ஆம் வயதில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ கேனன் நகரில் காலமானார்.