பீங்கான் வந்த வழி

அவலூர்பேட்டை கடலுக்கு அண்மையில் உள்ள ஊரன்று. செஞ்சிக்கு வடமேற்கே, இன்று மேல்மலையனூர் வட்டத்தில் அடங்கிய அவ்வூரிலிருந்து கிழக்கே நெடுந்தொலைவு சென்றால்தான் அலையோசை கேட்கும். எனினும் அங்கு முஸ்லிம் இல்லம் ஒன்றில், ரங்கூனுக்குச் சபர் போன முன்னோர் வாங்கி வந்ததெனச் சொல்லப்படும் நீலப்பூத் தட்டு ஒன்றைக் கண்டோம். அதன் நடுவில் மெருகில்லாத வட்டம் ஒன்று சொரசொரப்பாக இருந்தது. "பழுதான சாமானைக் கொடுத்து அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள்" எனக் கருதிய வீட்டார், அதனைப் பழைய சாமான்காரரிடம் போட எண்ணியிருந்தனர். அது பழுதன்று, சான்று. அதனைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பீங்கான் என்னும் சொல்லே பாரசீகம் தந்தது. கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்ற அம்மொழிச் சொல் தமிழில் பீங்கானாகவும் மலையாளத்தில் பிஞ்ஞாணமாகவும் வழங்குகிறது. பொருள் சீனத்தது, பெயர் பாரசீகத்தது எனில், இடையில் நின்று கொண்டுவந்து சேர்த்தவர் யாவர் என்பது தானே விளங்கும்.

தட்டிலுள்ள நீலத்திற்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் சீனத்துச் சிங்தெசென் நகரின் சூளைகள் வெண்பீங்கானில் நீலச் சித்திரம் தீட்டத் தொடங்கியபோது, அதற்கான கோபால்ட் பாரசீகத்திலிருந்து சென்றது. மிங் காலச் சீனர் இத்தகைய அயல்நாட்டு நீலத்தை 'ஹுய்ஹுய் சிங்', அதாவது முஸ்லிம்களின் நீலம் என்றே அழைத்தனர். செங்தெ பேரரசரின் காலத்தில் (1506–1521) அரபு எழுத்துகள் தீட்டிய பீங்கான்களும் அங்கு உருவாயின.

1340களில் மதுரை சுல்தானின் நாட்டிற்கு வந்து சென்ற இப்னு பதூதா, சீனத்தில் பீங்கான் மட்பாண்டத்தின் விலைக்கே, ஏன், அதனினும் மலிவாகவே கிடைப்பதாகவும், அது இந்தியாவுக்கும் தம் மக்ரிப் நாடு வரையிலும் ஏற்றுமதியாவதாகவும் பதிந்துள்ளார். இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிலிட்டு நிரப்பிய 'மர்த்தபான்' என்னும் பெருஞ்சாடிகளைக் கடற்பயணத்திற்கெனப் பரிசாகப் பெற்றதையும் கூறுகிறார். அச்சாடிக்குப் பெயர் தந்தது பர்மாவின் மர்த்தபான் துறைமுகம். இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் 1980களின் பிற்பகுதியில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். புத்தகம் எழுதி வைக்காத வணிகர்கள் உடைந்த ஓடுகளையாவது விட்டுச் சென்றார்களே!

இதில் செஞ்சிச் சீமைக்கு என்ன பங்கு என வாசகர் வினவலாம். பரங்கிப்பேட்டையும் தேவனாம்பட்டினமும் ஒருகாலத்தில் செஞ்சி நாயக்கரின் ஆட்சிக்குட்பட்ட துறைகள். சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே சென்ற மரக்கலங்களின் முதன்மைச் சரக்கு துணி. உள்நாட்டுத் தறிகளில் நெய்தது பேட்டைகள் வழியே துறைமுகத்தை அடைந்தது. துணி விற்ற கையில் அக்கரைச் சரக்கும் ஏறிற்று. ஆகவே கடலறியா ஊரில் கடல் கடந்த தட்டைக் காண்பது வியப்பன்று.

இனி அந்த வட்டத்திற்கு வருவோம். சீனத்தின் தென்கடற்கரையான பூக்கியன் மாநிலச் சூளைகளில், எளிய மக்களுக்கான தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுடுவர். மெருகுப் பூச்சு நெருப்பில் உருகினால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். அதனைத் தவிர்க்க, சுடுமுன் நடுவே வட்டமாகப் பூச்சை வழித்தெடுப்பர். மேல்தட்டின் அடிவளையம் அதில் அமரும். எனவே சொரசொரப்பான அவ்வட்டம், கைவினைஞர் வனைந்து அடுக்கிச் சுட்டதன் அடையாளம். அடியில் ஒட்டிய மணலும், ஒரு பூப்போல் மறுபூ இராமையும் அத்தகையனவே. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இவை தென்கிழக்காசியச் சந்தைகளெங்கும் விற்றன.

வெண்பீங்கானில் குங்குமப்பூக் கரைசலால் திருமறை வசனம் எழுதி, நீர் வார்த்துக் கரைத்துப் பருகும் வழக்கம் நம்மிடையே இருந்தது. அதன் சரி தவறுகளை உலமாக்கள் உரைக்கட்டும். மண்சட்டி மையை உறிஞ்சிவிடும். பீங்கானோ எழுத்தை முழுதும் நீரிடம் ஒப்படைக்கும் என்பதே நாம் குறிப்பது. இதற்கு வட்டமில்லாத தட்டே ஏற்றது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. கிளாஸ்கோவின் பெல் நிறுவனமும், ஹாலந்தின் மாஸ்டிரிக்ட் நகரத்துப் பெத்ருஸ் ரெகூ நிறுவனமும் அச்சுச் சித்திரம் ஒட்டிய தட்டுகளைக் கிழக்கே குவித்தன. பெல் நிறுவனம் தன் சித்திரங்களுக்கு மலாய்ப் பெயர்களையே சூட்டிற்று! அவை அழகியவைதாம்; ஆயின் நூறு தட்டிலும் பூ ஒரே பூ.

அவலூர்பேட்டைத் தட்டு அவ்வகையன்று. வந்த காலத்தையும் ஒருவாறு உய்த்துணரலாம். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது, நம்மவர் பலர் உயிர் தப்பக் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தனர். குழந்தைகளைத் தூக்கவே வலுவற்றிருந்தவர் தட்டைச் சுமந்திரார். 1960களில் கடைகள் அரசுடைமையான பின் திரும்பியோரும் வெறுங்கையராகவே கப்பலேறினர். ஆதலின் அது 1942-க்கு முன்பே, அமைதியான ஒரு நாளில், வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொணரப்பட்டதாதல் வேண்டும்.