வால்வு ஸ்பிரிங் நூற்பா: மூலமும் உரையும்

மூலம்

விதிநூல் ஓதியே ஸ்பிரிங்கைத் தேர்க;
கேம்முனை கடக்கும் கணத்தினை நோக்குக;
இருநிலை அழுத்தமும் அளந்தபின் பொருத்துக;
சுருளொடு சுருள்தொடா இடைவெளி காக்க;
எஞ்சிய குறையைச் சுழற்சியில் தீர்க்கவே.

உரை

தாராவியிலும் செம்பூரிலும் பைக் பட்டறை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு நேர்கோட்டில் விரட்டும் டிராக் (drag) பந்தயத்தின் மேல் ஆசை உண்டு. லோனாவாலாவுக்கு அப்பால், ஆம்பி வேலி விமான ஓடுபாதையில் நடந்த ‘வேலி ரன்’ போட்டிகள் அந்த ஆசையை மும்பையின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. தேசியப் போட்டி என்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் இருக்கிறது. அப்படி வண்டி கட்ட வரும் இளைஞர்களுக்காக நான் எழுதிய ஐந்து வரிகள் இவை. எந்தச் சங்கத்தின் சட்டப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கே இவை பொருந்தும். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம் திறக்கும் வால்வே கிடையாது.

விதிநூல் ஓதியே ஸ்பிரிங்கைத் தேர்க

‘ஓதியே’ என்ற ஏகாரம் தேற்றம். ஓதாமல் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங், பந்தயம் முடிந்து ஹெட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரியின் கையில் போய் நிற்கும். கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, தளர்ந்த நிலையில் நீளம் ஆகிய மூன்றையும் கம்பெனி ஸ்பிரிங்கோடு ஒப்பிட ஒரு வெர்னியர் போதும்.

கட்டுப்பாடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில பிரிவுகளில் ஸ்பிரிங் உட்பட ஹெட் முழுவதும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். சிலவற்றில் 165 சிசி வரை என்று கொள்ளளவை மட்டும் கட்டிவிட்டு உள்வேலையைத் திறந்து விடுவார்கள். அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய என்எச்ஆர்ஏ சங்கத்தின் ஸ்டாக் பிரிவில் இன்னொரு வழி: கேம் வால்வைத் தூக்கும் உயரம் கம்பெனி அளவைத் தாண்டக்கூடாது, ஆனால் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்குத் தடையில்லை. இந்த மூன்றில் நம் பிரிவு எது என்று தெரிந்தால்தான் அடுத்த வரிக்குப் போகலாம்.

கேம்முனை கடக்கும் கணத்தினை நோக்குக

நூற்பாவின் உயிர் இந்த வரி. வால்வை மூடுவதற்குத்தான் ஸ்பிரிங் என்று பலரும் நினைக்கிறார்கள். மூடுவதற்கு முன்பே அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கேமின் சரிவு வால்வைத் தள்ளித் திறக்கும்போது ஸ்பிரிங்கின் உதவி தேவையில்லை; கேமே தள்ளிக்கொள்ளும். தள்ளி முடிந்ததும், வேகமெடுத்த வால்வு முனையை நெருங்கும்போது வேகம் குறையவேண்டும். கேமால் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங் ஒன்றே. அதன் பலம் போதாவிட்டால் ராக்கர் கேமை விட்டு எழும்பிவிடும். வேகத்தடையில் விரட்டி ஏறிய பைக்கின் சக்கரம் உச்சியில் தரையை விட்டு எழுவதைப் போல. எழும்பிய வால்வு தன் இஷ்டத்துக்கு இறங்கி சீட்டில் மோதித் துள்ளும். கொஞ்சம் துள்ளினால் பவர் போகும். அதிகமானால் பிஸ்டனில் இடிக்கும், வால்வின் தலை முறியும்.

கணக்கு இது. இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் கேம் 4,500 சுற்று சுற்றும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடும். கிராங்கின் 240 பாகை அளவுக்கு அது திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை திறந்து மூட ஒரு நொடியில் ஆயிரத்தில் நாலரைப் பங்குகூட இல்லை. சுற்று 10,500 ஆகும்போது வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஸ்பிரிங்கின் மேல் விழும் பாரமோ ஏறத்தாழ 36 சதவீதம் கூடுகிறது. அந்தப் பாரம் வேகத்தின் இருமடியாக ஏறுவதே காரணம். கியருக்குக் கியர் ஒரே சுற்றில் இன்ஜின் தும்முகிறது என்றால், ஜெட்டை மாற்றிக்கொண்டே நாளைக் கடத்தாமல் ஸ்பிரிங்கையும் சந்தேகப்படவேண்டும். அது ரெவ் லிமிட்டர் வெட்டும் இடம்தானா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

“அண்ணே, பெரிய வண்டி ஸ்பிரிங்கத் தூக்கிப் போட்டா பத்தாதா?” என்று கேட்பார்கள். போதாது, தம்பி. கம்பி தடித்தால் ஸ்பிரிங்கின் எடையும் ஏறும். அந்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வால்வோடு சேர்ந்து ஓடுகிறது. தவிர, எந்தச் சுருளுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. கேமின் துடிப்பு அதோடு ஒத்துப்போனால் சுருள்கள் நடுவில் அலையடிக்கும், அந்த நேரம் ஸ்பிரிங்கின் பலம் கணக்கில் இருப்பதைவிடக் குறைவாகவே வால்வுக்குக் கிடைக்கும். மேல்பக்கம் ஒடுங்கிய தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங்குகள் வந்ததற்கு இந்த இரண்டுமே காரணம்: மேலே எடை குறைவு, அலையும் ஒரே தாளத்தில் எழாது. வீண் அழுத்தம் கேமையும் ராக்கரையும் தேய்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

உயரத்தை மட்டும் கட்டிய பிரிவில் இன்னொரு சிக்கல். உயரம் கூடாது என்பதால் கேம் செய்பவர் வால்வைச் சட்டென்று ஏற்றி, மேலேயே நிறுத்தி, சட்டென்று இறக்கப் பார்ப்பார். உயரம் பழையதுதானே என்று பழைய ஸ்பிரிங்கை நம்பினால் முதல் ஓட்டத்திலேயே அது தோற்கும். ஸ்பிரிங் இப்படித் தோற்கும் தொல்லையிலிருந்து தப்பவே 1954-இல் மெர்சிடிஸ் தன் பந்தயக் காரில் வால்வை மூடுவதற்கும் ஒரு கேம் வைத்தது. 1986-இல் ரெனோ ஃபார்முலா ஒன்னில் சுருளையே எடுத்துவிட்டு அழுத்தக் காற்றை வைத்தது. நம் பிரிவுகளில் அவற்றுக்கு இடமில்லை. சுருளோடுதான் நம் பிழைப்பு.

இருநிலை அழுத்தமும் அளந்தபின் பொருத்துக

இருநிலை என்றது வால்வு மூடிய நிலையும் முழுதாய்த் திறந்த நிலையும். மூடிய நிலை அழுத்தம் வால்வு சீட்டில் துள்ளாமல் காக்கும். திறந்த நிலை அழுத்தம் முனையில் எழும்பாமல் காக்கும். ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்கக்கூடாது.

எடுத்துக்காட்டாக, மூடியபோது 18 கிலோ, மில்லிமீட்டருக்கு 2 கிலோ ஏற்றம், வால்வைத் தூக்கும் உயரம் 8 மில்லிமீட்டர் என்றால் திறந்தபோது 34 கிலோ. 1678-இல் ராபர்ட் ஹூக் அச்சிட்ட விதி இதுதான், மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. மாணவர் வகுப்பில் படிப்பதும் இதையே. பட்டறையில் ஸ்பிரிங் டெஸ்டர் இல்லையென்றால் டிரில் மெஷின் மேடையில் ஓர் எடை மெஷினை வைத்து, சக்கில் தட்டை முனைக் கம்பியைப் பிடித்து, ஸ்பிரிங்கை இரண்டு உயரங்களுக்கும் அமுக்கி எழுதிக்கொள்ளலாம்.

கம்பெனி ஸ்பிரிங் மட்டுமே என்ற பிரிவில் சுதந்திரம் இந்த அளவையில்தான் இருக்கிறது. ஒரே பாகம், ஒரே பாக்கெட், ஆனாலும் ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் அழுத்தத்தில் சிறு வேற்றுமை உண்டு. பல ஸ்பிரிங்குகளை வாங்கி, அளந்து, பலமானவற்றை ஜோடி சேர்ப்பது முழுக்க விதிக்கு உட்பட்டது. நாலு மணி நேரம் பிடிக்கும் அந்த வேலையை நான் மிக மதிக்கிறேன்.

கம்பித் தடிமனில் கண்ணை வைக்கவேண்டும். 5 சதவீதம் தடித்தால் விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் ஏறும். விறைப்பு தடிமனின் நாலாம் மடியாகப் போகிறது. நாக்தேவி தெருவில் இதே விட்டத்தில் சுருள் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டக்கூடாது. 9,000 சுற்றில் ஒரு மணி நேரம் என்றால் 2,70,000 முறை மடங்கி நிமிர்கிறது. அதைத் தாங்க குரோம்-சிலிக்கான் போன்ற எஃகும், சிறு குண்டுகளால் அடித்துப் பக்குவப்படுத்திய மேற்பரப்பும் வேண்டும். கேட் ஸ்பிரிங்குக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

சுருளொடு சுருள்தொடா இடைவெளி காக்க

அழுத்தம் போதவில்லையென்றால் அடியில் ஷிம் வைப்பது வழக்கம். மேலே சொன்ன ஸ்பிரிங்குக்கு 1 மில்லிமீட்டர் ஷிம் வைத்தால் 18 கிலோ 20 ஆகும், 34 கிலோ 36 ஆகும். மூடிய நிலையில் 11 சதவீத லாபம், நமக்கு அதிகம் வேண்டிய திறந்த நிலையில் 6 சதவீதம்தான். முழுதாய்த் திறந்தபோது சுருள்களுக்கிடையே மொத்தம் 1.5 மில்லிமீட்டர் இருந்தது 0.5 ஆகிவிடும். சுருள்கள் முட்டினால் அங்கே ஸ்பிரிங் இல்லை, இரும்புக் குழாய்தான் இருக்கிறது. ராக்கர் வளையும், கேம் தேயும். மேல் தட்டு வால்வு கைடின் சீலில் இடிக்கிறதா என்பதையும் கூடவே பார்க்க. சுருள்கள் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் அந்தப் பக்கம் கீழே, ஹெட்டை நோக்கி வரவேண்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரமும் உப்புக்காற்றும் ஸ்பிரிங்கில் துருப்புள்ளி வைக்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும். கழற்றி வைத்ததை எண்ணெய் தடவி வைக்க. வண்டியிலேயே இருந்தால் கம்ப்ரெஷன் முடியும் மேல்புள்ளியில் பிஸ்டனை நிறுத்தினால் வால்வுகள் மூடியிருக்கும், ஸ்பிரிங்கும் முழு அமுக்கத்தில் கிடக்காது. பிளையரால் கடித்த தழும்புள்ள ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிடுக.

எஞ்சிய குறையைச் சுழற்சியில் தீர்க்கவே

இவ்வளவு செய்தும் 10,500-இல் ஸ்பிரிங் பிடிக்கவில்லை, விதியும் வேறு ஸ்பிரிங்கை அனுமதிக்கவில்லை என்றால், 10,200-இல் கியர் மாற்றுக. கேமை விட்டு எழும்பும் வால்வோடு கடைசி 300 சுற்றில் கிடைப்பது சத்தம் மட்டுமே. கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில் நேரத்தைத் தீர்மானிப்பவற்றில் ஒன்று, கியர் மாற்றிய பின் இன்ஜின் எந்தச் சுற்றில் வந்து விழுகிறது என்பது. பிரிவு அனுமதித்தால் பின் ஸ்பிராக்கெட்டின் பல்லை மாற்றி அந்த இடத்தைச் சரிசெய்யலாம். அது ஸ்பிரிங்கைவிட மலிவு. ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் ஸ்பிரிங்கை மறுபடி எடை மெஷினில் ஏற்றி, முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுக. பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் அடுத்த ஜோடியை மாட்டுக.