மனிதர் இல்லாத மன்ஸில்கள்

நம் ஊர்களில் புதுவீடு கட்டிக் குடிபுகுவோர், வாயிற்பலகையில் பெயரோடு ‘மன்ஸில்’ என்று சேர்த்து எழுதுவது வழக்கம். திருக்குர்ஆனை ஏழு நாட்களில் ஓதி முடிப்பதற்காக வகுக்கப்பட்ட ஏழு பகுதிகளுக்கும் அதுவே பெயர். அரபு மொழியில் அச்சொல்லின் முதற்பொருள், பயணி வாகனத்தினின்றும் இறங்கித் தங்கும் இடம் என்பதாகும். அதன் பன்மை ‘மனாஸில்’. ‘பயானெ மனாஸிலெ ஸஃபரெ இராக்கைன்’ என்று துருக்கி மொழியில் ஒரு நூல் உண்டு. பயான், மன்ஸில், ஸஃபர் ஆகிய மூன்றும் நம் வீடுகளில் சிறுவரும் அறிந்த சொற்களே. இராக்கைன் என்பது இருமை. அரபு இராக்கும், பாரசீகத்தின் மேற்குப் பகுதியாகிய அஜமி இராக்கும் சேர்ந்தது. ‘இரண்டு இராக்குகளின் பயணத்தில் தங்கிய இடங்களைப் பற்றிய விளக்கம்’ என்பது தலைப்பின் பொருள். அதனை இயற்றியவர் நஸூஹ் என்பார்.

இவர் போஸ்னியர். உஸ்மானிய அரண்மனைக் கல்விக்கூடத்தில் பயின்றவர். ‘ஸிலாஹீ’ என்றும் ‘மத்ராக்கீ’ என்றும் அடைமொழிகள் கொண்டவர். முன்னது படைக்கலம் பற்றியது. பின்னது மத்ராக் எனப்படும் கோல் விளையாட்டில் அவர் பெற்றிருந்த தேர்ச்சியைக் குறிப்பது. நம் சிலம்பத்தை நினைத்துக்கொள்க. 1530 ஆம் ஆண்டில் சுல்தான் சுலைமான் தம் மைந்தர்களுக்குச் சுன்னத்து விழா நடத்தியபோது, அட்டையால் இரண்டு கோட்டைகள் செய்து, அவற்றினுள்ளிருந்து வீரர்கள் புறப்பட்டுப் பொருதும் காட்சியை இவர் அரங்கேற்றினார். இதற்கு முன்பே, 1517 இல், ‘எழுத்தர்களின் அழகு, கணக்கர்களின் நிறைவு’ என்று பொருள்படும் அரபுப் பெயரோடு ஒரு கணித நூலை எழுதி முதலாம் ஸலீமுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் பெரும் வரலாற்று நூலை அரபியிலிருந்து துருக்கியில் பெயர்த்தவரும் இவரே. வாள், கோல், கணக்கு, வரலாறு என இத்தனைக்கும் பெயர் பெற்றவருக்கு, ஓவியரைக் குறிக்கும் ‘நக்காஷ்’ என்ற அடைமொழி மட்டும் இல்லை. இன்று உலகம் அவரை நினைப்பதோ ஓவியத்துக்காகத்தான்!

1534 ஆம் ஆண்டு கோடையில் சுல்தான் சுலைமான் இஸ்தான்பூலிலிருந்து கிழக்கு நோக்கிப் படையெடுத்தார். தப்ரீஸ் வழியாகச் சென்று அவ்வாண்டின் இறுதியில் பக்தாதினுள் நுழைந்தார். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி, 1536 ஜனவரியில் தலைநகர் திரும்பினார். உடன் சென்ற நஸூஹ், படை தங்கிய ஊர்களையும் கடந்த கணவாய்களையும் வரிசையாக எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணப்படங்களோடு ஹிஜ்ரி 944 (1537) அளவில் நூலை நிறைவு செய்தார். அக்கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. உதவியாளர் சிலரின் கைகளும் அப்படங்களில் கலந்திருக்கலாம். ஆனால் அந்தப் பார்வை ஒருவருடையதே. அரண்மனைச் சித்திரக்காரர் கண்ட உலகம் அரியணையும் வேட்டையும் விருந்தும். இவர் கண்டது மதிலும் பாலமும் ஆறும். பீரீ ரெயிஸ் என்ற கடற்படைத் தலைவர் 1526 இல் சுல்தானுக்கு அளித்த கடல்நூலின் துறைமுகப் படங்களோடு இவருக்கு உறவு உண்டு; விருந்து வரைந்தவர்களோடு இல்லை. ஒரே ஏட்டில் சில கட்டடங்கள் நேராக நிற்கும். சில பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். ஊரைச் சுற்றி நடந்தவன் எந்தப் பக்கத்திலிருந்து எதைப் பார்த்தானோ அப்படியே வரைந்திருக்கிறார். இது ஆசானிடம் கற்ற முறையன்று, தாமே பழகிக்கொண்ட கை என்பதே என் கருத்து.

இப்படங்களில் மனிதர் ஒருவர்கூட இல்லை. பெரும் படையொன்று கடந்துபோன வழியில் ஒரு சிப்பாயும் இல்லை. கடைவீதியில் ஒரு வணிகரும் இல்லை. காரணம் கேட்டால், உருவம் வரைவதை மார்க்கம் விலக்கியிருப்பதால் இப்படி வரைந்தார் என்று நம்மவர் உடனே சொல்லிவிடுவர். பாடம் நடத்துகையில் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன். அது பொருந்தாது. சில ஏடுகளில் மான்களும் பறவைகளும் உயிரோடு உலவுகின்றன. உயிருள்ளவற்றை வரையலாகாது என்பதற்காக மனிதனைத் தவிர்த்தவர், மானை ஏன் வரைந்தார்? அதே சுல்தானின் அரண்மனையிலேயே மனித உருவங்களை வரைந்தோர் ஊதியம் பெற்றுவந்தனர். தஸ்வீர் குறித்த சட்டம் ஃபிக்ஹு நூல்களில் விரிவாக உள்ளது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் இந்த நூலுக்கு விடை அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அவர் சொல்ல வந்தது மன்ஸில்களை. தங்கியவர்கள் போய்விடுவார்கள், தங்குமிடம் நிற்கும். எங்கே நீர் உண்டு, எங்கே பாலம், எங்கே மதில் என்பதே கணக்கரும் போர்வீரருமான அவருக்குத் தேவைப்பட்டது.

பக்தாத் படத்தில் தஜ்லா நதி குறுக்கே ஓடுகிறது. ரபீஉல் ஆகிர் மாதம்தோறும் நாம் மௌலிது ஓதி நினைவுகூரும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களும், இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களும் அடங்கியுள்ள நகரம் அது. 1508 இல் ஸஃபவிகள் நகரைப் பிடித்தபோது இவ்விரு அடக்கத்தலங்களும் சிதைவுற்றன. இமாம் அவர்களின் கப்ரைத் தேடிக் கண்டு, அதன்மேல் மீண்டும் குப்பா எழுப்பச் செய்தவர் சுலைமானே. நஜஃபுக்கும் கர்பலாவுக்கும் அவர் ஸியாரத்துக்குச் சென்றார். நஸூஹ் இத்தலங்கள் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு வரைந்திருக்கிறார். போர் நடந்ததோ இரு கூட்டத்தாரிடையே. ஏட்டில் அந்தப் பகை தெரியவில்லை.

நூலின் தொடக்கத்தில் இஸ்தான்பூல் நகரம் இரண்டு ஏடுகளில் விரிகிறது. தங்கக் கொம்பு எனப்படும் கடற்கழிக்கு ஒருபுறம் அரண்மனையும் அயா ஸோஃபியாவும். மறுபுறம் கோபுரத்தோடு கலாத்தா. ஸுலைமானிய்யாப் பள்ளிவாசலைத் தேடினால் கிடைக்காது. அதன் கட்டுமானம் 1550 இல்தான் தொடங்கியது. ஆனால் இன்று எவரும் காண இயலாத ஒன்று அங்கே இருக்கிறது. நகரை வென்ற முஹம்மது ஃபாத்திஹ் கட்டிய பள்ளிவாசல் 1766 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்தது. இப்போது அவ்விடத்தில் தொழுகை நடப்பது 1771 இல் கட்டி முடித்த வேறொரு கட்டடத்தில். முந்தைய பள்ளிவாசல் எப்படி இருந்தது என்று ஆராய்வோர் இந்த ஏட்டையே புரட்டுகிறார்கள்.

1543 இல் நடந்த ஹங்கேரிப் படையெடுப்பைப் பற்றியும் அவர் படங்களோடு ஒரு நூல் செய்தார். அதில் நீஸ், தூலோன், ஜெனோவா முதலிய துறைமுகங்களும் உள்ளன. கைருத்தீன் பார்பரோஸாவின் கப்பல்கள் சென்ற கரைகள் அவை. நஸூஹ் 1564 இல் மறைந்தார். இராக்கைன் நூல் அச்சில் வெளிவந்தது 1976 இல். ஹுஸைன் யுர்தாய்தீன் என்ற துருக்கிப் பேராசிரியர் அதனைப் பதிப்பித்தார்.