போர் விமானத்தின் பச்சை எந்தப் பச்சை?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஒரு ஜெர்மன் ஜெட் விமானம் செய்திருக்கிறான். மெஸ்ஸர்ஷ்மிட் 262. "சார், பெட்டியில ஒரு பச்சை போட்டிருக்கு. பெயிண்ட் கம்பெனிக்காரன் வேற பச்சை சொல்றான். நெட்ல பார்த்தா பழுப்பா இருக்கு. பையன் பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், எது சார் சரி?" என்று கேட்டிருந்தான். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் விமானத்துக்கு என்ன நிறம் என்பதை விமான அமைச்சகம்தான் வகுத்தது. ஆர்.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். 02 பச்சை கலந்த சாம்பல், 65 அடிவயிற்றுக்கு வெளிர்நீலம், 70 கறுப்போடிய பச்சை, 71 கரும்பச்சை. 1938-லும் 1941-லும் இதற்கென்றே கையேடுகள் வந்தன. நம்மூர் பெயிண்ட் கடையில் நீட்டுவார்களே ஷேடு கார்டு, அந்த மாதிரி வண்ண அட்டைகளும் இருந்தன. சில இன்றும் பிழைத்திருக்கின்றன. அதனால் போரின் முற்பாதி விமானங்களுக்கு நிறம் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 1941-க்குப் பிறகு சண்டை விமானங்களுக்கு 74, 75, 76 என்ற சாம்பல் நிறங்கள் வந்தன. காட்டு மேல் ஒளிவதைவிட வானத்தில் ஒளிவது முக்கியமாகிவிட்ட காலம் அது. வட ஆப்பிரிக்கா போனவற்றுக்கு மேலே மணல் மஞ்சள், கீழே நல்ல நீலம்.

சிக்கல் 1944-ல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அமைச்சகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. 70, 71 போன்ற பழைய நிறங்கள் இனி இல்லை, 81, 82 என்று இரண்டு புதிய நிறங்கள் வருகின்றன, ஆனால் மாதிரி அட்டை இப்போதைக்குத் தர இயலாது என்பது சாரம். போர் முடியும்வரை அந்த அட்டை வந்ததற்கான தடயம் இல்லை. கையிருப்பில் உள்ள பழைய பெயிண்டைத் தீர்க்கவும் சொல்லிவிட்டார்கள். ஆக, 81 என்றால் என்ன? ஒரு தாளில் 'பழுப்பு ஊதா' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'கரும்பச்சை'. எண் ஒன்றுதான், கண்ணுக்கு இரண்டு நிறம். 83 என்ற எண்ணைப் பல பத்தாண்டுகளாக எல்லோரும் கரும்பச்சை என்றே நம்பி மாடல்களுக்கு அடித்தார்கள், பெயிண்ட் கம்பெனிகளும் குப்பியில் அடைத்து விற்றன. அது பச்சையே இல்லை, கடலுக்கு மேல் பறக்கும் விமானங்களுக்கான ஒரு நீலம் என்று இப்போது சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 84 என்று ஒரு நிறமும் விற்பனையில் உண்டு. அது பிற்காலத்தில் ஆர்வலர்கள் வைத்த எண், அமைச்சகம் வைத்ததல்ல!

"புகைப்படம் இருக்கிறதே சார்" என்பீர்கள். பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பெரியம்மாவின் கூறைப்புடவை அரக்கா கரும்பச்சையா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது, பெரியம்மா இருந்தபோதே தீரவில்லை. அதோடு அந்தக் காலத்தில் புழங்கிய ஒருவகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டுபோகும், நீலம் வெளுக்கும். விமான மூக்கு மஞ்சளா சிவப்பா என்று நிபுணர்களே திணறியதற்கு இதுவும் ஒரு காரணம். வண்ணப்படங்களும் உண்டு, அக்ஃபாகலர் ஃபிலிமில் எடுத்தவை. ஆனால் எண்பது வருடத்தில் சாயம் நகர்ந்துவிடும். அச்சில் ஏறும்போது இன்னொரு முறை மாறும்.

நிஜ விமானங்கள்? அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்திடம் ஒரு 262 இருக்கிறது, 500200 என்ற வரிசை எண். 1945 மார்ச்சில் கட்டப்பட்டது. தேய்ந்தும் திட்டுத்திட்டாகவும் இருந்தாலும் போர்க்காலப் பூச்சு அதில் நிற்கிறது. என்னைக் கேட்டால் பத்துப் புத்தகத்துக்கு அந்த ஒரு தகரம் சமம்.

இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. 1944 பிப்ரவரி கடைசியில் அமெரிக்க, பிரிட்டிஷ் குண்டுவீச்சில் ஆக்ஸ்பர்க், ரெகன்ஸ்பர்க் தொழிற்சாலைகள் நொறுங்கின. அதன்பின் உற்பத்தியைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சுரங்கங்களிலும் காடுகளிலும் ஒளித்தார்கள். இறக்கை ஓரிடம், உடல் ஓரிடம், வால் ஓரிடம். அவரவர் கையில் கிடைத்த பெயிண்டை அடித்து அனுப்பினார்கள். ஒரே சுவருக்கு இரண்டு கடையில் டின் வாங்கியவர்களுக்கு விளைவு என்னவென்று தெரியும். பூர்காவ் அருகே காட்டுக்குள் இருந்த 'கூனோ' என்ற ஆலையில் இவற்றைப் பூட்டி, பக்கத்திலிருந்த நெடுஞ்சாலையையே ஓடுபாதையாக்கிப் பறக்கவிட்டார்கள். தகரம் தெரிய, இணைப்புகளில் மட்டும் புட்டி பூசிய நிலையில் நின்ற விமானங்களின் படங்களும் உண்டு.

வேலை செய்தது யார்? ஆஸ்திரியாவில் குசென் முகாம் கைதிகள் மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். அதே சுரங்கத்துக்குள் 262-இன் உடற்பகுதிகள் செய்யப்பட்டன. பட்டினியிலும் அடியிலும் குசெனில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். கூனோவுக்கு, டாக்கவ் முகாமின் கிளையான பூர்காவ் முகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1945-ல் அதில் யூதப் பெண்கள் நிறைய.

இதைப் போனில் சொன்னபோது என் தம்பி, "நாஜி விமானத்துக்குப் பிள்ளை பெயிண்ட் அடிக்கணுமா அண்ணா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் ஸ்வஸ்திகா சின்னத்துக்குச் சட்டத் தடை இருப்பதால் அங்கே விற்கும் மாடல் பெட்டிகள் பலவற்றில் அந்தச் சின்னமே இருக்காது. பொம்மையைத் தடுத்தால் பையன் வேறு பொம்மை செய்வான். வால் ஏன் வேறு பச்சையாக இருக்கிறது என்று தேடினால் குசெனில் போய் நிற்பான். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே கண்ணா, உன் பையனிடம் சொல். 'மெஸ்ஸர்ஷ்மிட் 262' என்று பொதுவாகத் தேட வேண்டாம். ஏதாவது ஒரு குறிப்பிட்ட விமானத்தை, அதன் எண்ணோடு எடுத்துக்கொண்டு, அதன் படங்களை மட்டும் பார்க்கட்டும். கான்பெரா விமானமே போதும். மேலே ஒரு பழுப்புச் சாயல், ஒரு பச்சை, கீழே வெளிர்நீலம். சின்ன மாடல் என்பதால் குப்பியில் உள்ளதை அப்படியே அடித்தால் கருத்துத் தெரியும், கொஞ்சம் வெள்ளை கலக்கலாம். மூன்று டின்னும் பொருந்தவில்லை என்று அழ வேண்டாம், அந்த வருடம் அங்கேயும் பொருந்தவில்லை. முடித்ததும் படம் அனுப்பு, பகல் வெளிச்சத்தில் எடுத்து.