நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை (உறுப்பு மாற்றம்)

பொருத்தப்பட்ட பிறர் உறுப்பை நோயெதிர்ப்பு மண்டலம் தாக்காமல் ஏற்கும் நிலை நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை எனப்படும். இதற்கு மாறானது உறுப்பு நிராகரிப்பு.

நிராகரிப்பின் காரணம்: உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள எச்எல்ஏ புரதங்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகின்றன. இவற்றுக்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளன. அயல் எச்எல்ஏவை இனங்காணும் டி அணுக்கள் எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் உறுப்பைத் தாக்குகின்றன. எதிர்ப்பொருள்கள் அதன் இரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றன.

நிராகரிப்பின் வகைகள்: முன்பே இருக்கும் எதிர்ப்பொருள்களால் மீவிரைவு நிராகரிப்பு சில நிமிடங்களிலோ மணிநேரங்களிலோ நிகழும். தீவிர நிராகரிப்பு பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தோன்றும். மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். நாள்பட்ட நிராகரிப்பு ஆண்டுக்கணக்கில் உறுப்பை மெல்லச் செயலிழக்கச் செய்யும்.

வரலாறு: கருவில் இரத்தம் கலந்த இரட்டைக் கன்றுகள் ஒன்றன் இரத்த அணுக்களை மற்றது ஏற்பதை 1945இல் ரே ஓவன் கண்டறிந்தார். 1953இல் பீட்டர் மெடாவர், பில்லிங்காம், பிரென்ட் ஆகியோர் சுண்டெலிக் கருக்களில் அயல் அணுக்களைச் செலுத்தி, பின்னாளில் அச்சுண்டெலிகள் அந்த அணுக்களைத் தந்த வகையின் தோல் ஒட்டை ஏற்பதை நிறுவினர். இச்சகிப்புத்தன்மை ஆய்வுக்காக மெடாவரும் மற்றோர் ஆய்வாளரான பர்னெட்டும் 1960இல் நோபல் பரிசு பெற்றனர். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றதற்கு, கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையராக இருந்ததே காரணம்.

சிகிச்சை: சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் டி அணுக்களை அடக்குகின்றன. இவற்றைப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். தொற்று, புற்றுநோய் அபாயமும் கூடும். கொடையாளரின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துச் செலுத்தியதால், சிறுநீரகம் பெற்ற சிலர் மருந்தின்றி வாழ்ந்துள்ளனர். இந்நிலையை அனைவருக்கும் பாதுகாப்பாக எட்டச் செய்வதே இத்துறையின் தலையாய இலக்கு.