காசுக்கு வழி சொல்பவர் தன் காசுக்கு யாரிடம் வழி கேட்பது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒவ்வொரு தொடர்மாடிக்கும் ஒருவராவது இருப்பார். அவர் கணக்காளராக இருக்கலாம், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளராக இருக்கலாம், காப்புறுதி முகவராகவோ பங்குத் தரகு நிறுவன ஊழியராகவோ இருக்கலாம். கனடாவில் இருந்து மகன் அனுப்பும் காசை எங்கே வைப்பிலிடுவது, ஊர்க் காணியை விற்பதா வைத்திருப்பதா, அடகில் இருக்கும் நகையை இப்போது மீட்பதா என்பதையெல்லாம் அயலவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள்.

அந்த ஆலோசகர் தன் சொந்தக் காசைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்கிறாரா? பெரும்பாலும் இல்லை. "எனக்குத் தெரியாததா?" என்ற எண்ணம் ஒரு காரணம். கேட்டால் மதிப்புக் குறையும் என்ற தயக்கம் இன்னொன்று. ஆனால் அவரைப் பார்த்து இருபது குடும்பங்கள் காசு போடும்போது, அவருடைய தவறு அவர் வீட்டோடு நிற்பதில்லை.

தெரிந்தவர்களும் இழந்த டிசம்பர்

2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் சரிந்தது. செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த அந்த நிறுவனத்துக்கு, பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கான மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. இருந்தும் சுமார் 9,000 பேர் ஏறத்தாழ 2,600 கோடி ரூபாவை அதில் வைத்திருந்தார்கள். அவர்களில் படித்தவர்களும் உயர் தொழில் புரிந்தவர்களும் பலர். வங்கிகள் கொடுத்ததை விட மிக அதிகமான வட்டியும், குழுமத்தின் பெயரும் போதுமான உத்தரவாதமாகத் தெரிந்தன. அதே மாத இறுதியில், அக்குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியின் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் மத்திய வங்கி ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

அதே டிசம்பரில் நியூயோர்க்கில் பேர்னார்ட் மேடொப் கைது செய்யப்பட்டார். அவரிடம் ஏமாந்தவர்களில் முதலீட்டு நிதியங்களை நடத்திய முகாமையாளர்களும் இருந்தார்கள். வாடிக்கையாளரின் பணத்தோடு தமது பணத்தையும் அவரிடம் கொடுத்து இழந்தார்கள்.

அனுமதி பெற்ற நிறுவனம் என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1940இல் தொடங்கிய த பினான்ஸ் கம்பனி அனுமதி பெற்று இயங்கியது. 2020 மே மாதம் அதன் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது. வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் அன்று ஒரு வைப்பாளருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 6 இலட்சம் ரூபா. 2021இல் அது 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் ஒரே நிறுவனத்தில் வைத்திருப்பவர், மிகுதிக்குத் தானே பொறுப்பு.

"அவரே போட்டிருக்கிறார்"

எங்கள் சமூகத்தில் ஒரு முதலீட்டுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நற்சான்று இது. ஆலோசகர் தன் காசையே போட்டிருந்தால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்.

கனடாவில் பெருந்தொகையான நிதி ஆலோசகர்களின் சொந்தக் கணக்குகளை லின்னைன்மா, மெல்சர், பிரெவிதேரோ என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆய்வு 2021இல் வெளியானது. வாடிக்கையாளருக்கு எதைச் சொன்னார்களோ அதையேதான் ஆலோசகர்கள் தமக்கும் செய்திருந்தார்கள். அடிக்கடி வாங்கி விற்றார்கள், அண்மையில் ஏறியதைத் துரத்தினார்கள், அதிகக் கட்டணம் அறவிடும் நிதியங்களைத் தெரிவு செய்தார்கள். தொழிலை விட்டு விலகிய பின்னரும் பலர் அப்படியே தொடர்ந்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் சொன்னதை உண்மையாகவே நம்பினார்கள். ஆகவே "அவரே போட்டிருக்கிறார்" என்பது அவருடைய நேர்மையைக் காட்டலாம். அவருடைய கணிப்பு சரி என்பதைக் காட்டாது. மோசடிக்காரரைச் சட்டம் பிடிக்கலாம். தன் தவறை நேர்மையாக நம்புபவரை, வெளியில் இருந்து பார்க்கும் இன்னொருவர்தான் நிறுத்த முடியும்.

முதலீட்டைப் பிரித்து வைப்பதன் கணிதத்தை வகுத்து 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் ஹரி மார்கோவிட்ஸ். தன் ஓய்வுகாலச் சேமிப்பை ஒதுக்கும்போது தன் சூத்திரத்தை அவர் பயன்படுத்தவில்லை. பின்னர் வருந்த நேரிடுமோ என்ற எண்ணத்தில், பங்குகளுக்குப் பாதி, கடன் பத்திரங்களுக்குப் பாதி என்று பிரித்துவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். சொந்தக் காசு என்றவுடன் கணக்குக்குள் பயமும் ஆசையும் வந்துவிடுகின்றன.

எங்கள் அச்சமும் கணக்கில் ஏறும்

போரைக் கண்டவர்களுக்கு இந்தப் பயம் வேறு வடிவத்தில் வரும். 1983 யூலையில் கொழும்பில் கடையையும் வீட்டையும் இழந்தவர், அசையாத சொத்தை நம்பத் தயங்குவார். 1995இல் வலிகாமத்தை விட்டு இரவோடு இரவாக வெளியேறியவருக்குக் கையில் எடுத்துப் போகக்கூடிய நகைதான் சொத்து. வன்னியில் நகையை அடகு வைத்தவர்களில் பலர் 2009இல் நகையையும் இழந்தார்கள், துண்டையும் இழந்தார்கள். போர் வலயத்தில் மீட்கப்பட்ட தங்கத்தில் ஒரு பகுதியை இராணுவம் 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் கையளித்தது. கையில் பற்றுச்சீட்டு இல்லாதவருக்குத் தன் நகையைத் தனது என்று நிறுவுவதே பெரும்பாடு.

இந்த அச்சங்கள் மூடத்தனம் அல்ல, அனுபவத்தில் இருந்து வந்தவை. ஆனால் ஆலோசகரும் அதே அனுபவத்தில் இருந்து வந்தவர். தன் காசு முழுவதையும் தங்கத்தில் முடக்கியிருக்கலாம். அல்லது வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடி வீட்டில் போட்டிருக்கலாம். அல்லது எல்லாவற்றையும் ரூபா நிரந்தர வைப்பில் வைத்திருக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த பெறுமதி, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. வைப்புப் புத்தகத்தில் தொகை குறையவில்லை, ஆனால் அதைக் கொண்டு வாங்கக்கூடியது வெகுவாகக் குறைந்துவிட்டது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒழுக்கக் கோவை, மருத்துவர் பொதுவாகத் தனக்கோ தன் குடும்பத்துக்கோ வைத்தியம் செய்யக்கூடாது என்கிறது. அறிவு போதாது என்பதால் அல்ல, தூரம் போதாது என்பதால்.

யாரிடம் கேட்பது?

தயக்கங்களில் நியாயமும் உண்டு. இங்கு ஆலோசனை சொல்பவர்களில் பெரும்பாலோர் எதையாவது விற்பவர்கள். கொழும்புத் தமிழர் வட்டமும் சிறியது, இன்று சொன்னது நாளை கோயில் வீதியில் பேசப்படும். எனவே தெரிவில் கவனம் தேவை.

• கேட்கப்படுபவர் உங்களுக்கு எதையும் விற்பவராக இருக்கக்கூடாது. கட்டணம் கொடுத்துக் கேட்பது, தரகு வாங்குபவரிடம் இலவசமாகக் கேட்பதை விட மலிவு.

• உங்கள் தொழிலையே செய்யும் நண்பரை விட, வேறு துறையில் இருப்பவர் நல்லவர். காப்புறுதி முகவர் கணக்காளரிடம் கேட்கலாம். கணக்காளர் வரிக்கும் உறுதிக்கும் சட்டத்தரணியிடம் கேட்கலாம்.

• தொகையை வெளியிட விருப்பமில்லை என்றால் வீதங்களாகக் காட்டலாம். "என் சொத்தில் 60 வீதம் ஒரே வீட்டில் இருக்கிறது" என்பதே போதுமான தகவல்.

• பிறருக்காக வைத்த பிணைக் கையொப்பங்கள், கட்டும் சீட்டுகள், அடகு நகை, உறவினருக்காக வைத்திருக்கும் பணம் ஆகியவற்றை மறைக்க வேண்டாம். வீழ்ச்சி பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

• கணவனோ மனைவியோ கூட இருக்க வேண்டும். எந்தக் காசு எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் போன பின் குடும்பம் வங்கி வங்கியாக அலையும்.

ஒவ்வொரு சிறு முடிவுக்கும் இது தேவையில்லை. வருடத்தில் ஒருமுறை போதும். அத்துடன் வீடு வாங்கும்போது, ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரும்போது, பிள்ளை வெளிநாடு போகும்போது, பெரிய தொகையை ஒரே இடத்தில் போடும்போது கட்டாயம் கேட்கலாம். வெளிநாட்டு உறவினரின் பணத்தைத் தன் கணக்கில் கலந்து வைத்திருப்பவர், யாரிடமும் கேட்கும் முன்னரே அதைப் பிரித்துவிடுவது நல்லது.

ஆலோசனை கேட்கும் உங்களுக்கு

அடுத்த முறை ஆலோசகரிடம் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் உங்களுக்குத் தரகு எவ்வளவு? இந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா? உங்கள் சொந்தக் கணக்கைக் கடைசியாகப் பார்த்துச் சொன்னவர் யார்?

மூன்றாவது கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் மறுமுறையும் போகலாம்.